வாடகை வீட்டில் வருணாசிரமம்

சென்னைப் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள பேட்டைகளிலும் நாளுக்கு நாள் எழும்பி நிற்கும் அடுக்குமாடி வீடுகளைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டியது அவசியமாகியிருக்கிறது. மாடி மேல் மாடி வைப்பதையோ, நாலு பக்கமும் மதில் எழுப்பி வாசலில் காவல்காரரை நிறுத்துவதையோ நாம் குற்றமாகச் சொல்ல வரவில்லை. இடம் குறைவு, ஜனம் அதிகம். மேலே போகாமல் வேறு எங்கே போவது? குழந்தைகள் வண்டி பயமில்லாமல் ஓடியாட ஒரு இடமும், கிழவர்கள் ஏறியிறங்க லிப்டும், தடையில்லாத தண்ணீரும் மனிதனுக்கு வேண்டியவைதான். அந்த வாசல் யாருக்குத் திறக்கிறது, யாருக்குச் சாத்துகிறது, எந்தக் கேள்வியைக் கேட்டுச் சாத்துகிறது என்பதுதான் நம் விசாரணை.

வாடகைக்கு வீடு தேடிப் போகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே இரண்டு. வாடகை ஒழுங்காய்க் கொடுப்பாயா? வீட்டைப் பழுதில்லாமல் வைத்துக் கொள்வாயா? ஆனால் நடப்பது என்ன? "சொந்த ஊர் எது?" என்கிறார் வீட்டுக்காரர். ஊர் சொன்னால், "அங்கே எந்தத் தெரு?" என்கிறார். தெரு சொன்னால், "குலதெய்வம் எது?" என்கிறார். வாடகை வசூலிப்பதற்கும் குலதெய்வத்திற்கும் என்ன சம்பந்தம்? குலதெய்வமா வந்து மாதம் முதல் தேதியில் வாடகை கட்டப் போகிறது? தெருவைக் கேட்டால் ஜாதி தெரியும், தெய்வத்தைக் கேட்டால் உட்பிரிவும் தெரியும். ஜாதியை நேராகக் கேட்க வெட்கமாயிருப்பதால் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். அந்த மட்டில் வெட்கம் வந்ததே லாபம் என்று சில தோழர்கள் சொல்லலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. முன்பு முதுகைத் தடவிப் பூணூலைத் தேடினார்கள். இப்போது பேச்சில் தடவித் தேடுகிறார்கள். தடவுவது நிற்கவில்லை.

இதற்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். "நீங்கள் வெஜிடேரியனா?" என்பது அது. கைப்பேசியில் வரும் வாடகை விளம்பரங்களில் அறை இத்தனை, வாடகை இவ்வளவு என்று போட்டு, அதன் கீழேயே "சைவர்களுக்கு மட்டும்" என்று கூசாமல் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் சைவ உணவுக்காரர் எத்தனை பேர்? 2014-ஆம் ஆண்டு மத்திய சர்க்காரின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் மாமிசம் சாப்பிடுகிறவர்கள். மீதி இரண்டரைப் பேர்கூட இல்லை. அந்த இரண்டு சொச்சத்தின் பழக்கத்தை 97 பேரை விலக்குவதற்கு நிபந்தனையாக வைப்பது சமையலறை விஷயமா, அதிகார விஷயமா என்று யோசித்துப் பாருங்கள்.

மீன் வாசனை பிடிக்கவில்லை, கருவாட்டு நாற்றம் தாங்கவில்லை, அதனால்தான் என்கிறார்கள். வாஸ்தவமாகவே மூக்குதான் காரணமானால், பிறந்தது முதல் முட்டையும் தொடாத ஒரு ஆதிதிராவிடத் தோழர் போய்க் கேட்டால் வீடு கொடுக்க வேண்டும். சைவ உணவு சாப்பிடும் ஒரு முஸ்லீம் போய்க் கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுக்கிறார்களா? "மகன் அமெரிக்காவிலிருந்து வருகிறான், வீடு வேண்டியிருக்கிறது" என்று பதில் வருகிறது. அந்த மகன் எந்தக் காலத்திலும் வருவதில்லை. அதே வீட்டில், வெளியே ஓட்டலில் கோழி பிரியாணி சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளித்து வருகிற 'நம்மவர்' தாராளமாகக் குடியிருக்கிறார். அவருடைய கோழிக்கு வாசனை கிடையாது போலும்! ஆகவே மூக்கு என்பது சாக்கு. மோப்பம் பிடிப்பது ஜாதியை. டெல்லியையும் அதைச் சுற்றிய நகரங்களையும் ஆராய்ந்து பேராசிரியர் சுக்தேவ் தோரட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2015-ல் வெளியிட்ட கட்டுரையும், வாடகை வீடு கேட்கிற தலித்துகளும் முஸ்லீம்களும் ஜாதியாலும் மதத்தாலுமே விலக்கப்படுகிறார்கள் என்றுதான் காட்டிற்று.

அந்த அமெரிக்க மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் அங்கே போய் இறங்கியதும் வாடகை வீட்டில்தான் குடியிருக்கிறான். அங்கே மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்திற்குள், 1968 ஏப்ரலில், வீட்டு வசதியில் நியாயம் செய்யும் சட்டம் ஒன்று கையெழுத்தாயிற்று. இனம், நிறம், மதம், பிறந்த தேசம் ஆகியவற்றைச் சொல்லி வீடு மறுப்பது அதன்படி குற்றம். பிற்பாடு பெண் என்பதற்காகவும், குழந்தை குட்டி இருக்கிறது என்பதற்காகவும் மறுப்பதையும் சேர்த்தார்கள். சிறு விதிவிலக்குகள் உண்டு, மீறுகிறவர்களும் உண்டு. ஆனாலும், "நீ இந்து, உனக்கு வீடில்லை" என்று அங்கே ஒரு வெள்ளைக்காரன் சொன்னால் மகன் கோர்ட்டுக்குப் போகலாம். அப்பாவும் இங்கிருந்தபடி, இதென்ன அநியாயம் என்று குமுறுவார். குமுறிவிட்டு, கீழே மணியடிக்கும் அப்துல்லாவிடம் வீடு முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்புவார்.

நிற்க. "என் வீடு, என் இஷ்டம், என் பணத்தில் கட்டியது, யாருக்குக் கொடுக்க வேண்டுமென்று நீ யார் சொல்ல?" என்று கேட்பார்கள். இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. 1924-ல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கக் கூடாது என்றபோதும் இதுதான் வாதம். 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்தி, நூற்றுக்கணக்கான தோழர்கள் நாள்தோறும் அணியணியாகச் சென்று சிறைக்குப் போனபோதும், "என் ஓட்டல், என் பலகை" என்றுதான் சொன்னார்கள். கடைசியில் பலகை மாறிற்று. ஓட்டல் நஷ்டப்பட்டுப் போகவில்லை. இட்லி புளித்துப் போகவில்லை. தான் குடியிருக்கும் வீட்டில் யாரை விருந்துக்கு அழைப்பது என்பது ஒருவரது இஷ்டம். வாடகைக்கு விடுவது வியாபாரம். அதற்கு வருமான வரி உண்டு, பத்திரம் உண்டு, புரோக்கர் உண்டு, விளம்பரம் உண்டு. நகரசபை போட்ட ரஸ்தா, பொதுவில் வந்த மின்சாரம், எல்லா ஜாதியும் கட்டிய வரியில் ஓடுகிற சாக்கடை ஆகியவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு செய்கிற வியாபாரம். வியாபாரி சரக்குக்கு விலை கேட்கலாம்; வாங்க வருகிறவனின் பாட்டனார் எந்தத் தெருவில் இருந்தார் என்று கேட்கலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், அங்கேயும் ஓட்டை இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு கடை, உணவு விடுதி, ஓட்டல், கிணறு, குளம், சாலை ஆகிய இடங்களில் ஜாதி மதம் பார்த்து ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் வாடகை வீடு இல்லை. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை நிறைவேற்ற வந்த 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில், தீண்டாமை காரணமாக எந்த வட்டாரத்திலும் ஒருவர் குடியிருப்பதைத் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை என்று இருக்கிறது. தடுக்கப்பட்டவர் பட்டியல் ஜாதியார் என்றால், தீண்டாமையே காரணம் என்று கோர்ட் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்று எதிரிதான் நிரூபிக்க வேண்டும் என்றுகூட அதிலே இருக்கிறது. இது நம் தோழர்களில் அநேகருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் எந்த வீட்டுக்காரர் காரணத்தைச் சொல்லி மறுக்கிறார்? "வேறொருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்" என்றால் முடிந்தது. அன்றியும் முஸ்லீமுக்கோ, கிறிஸ்தவருக்கோ, தனியாக வாழும் பெண்ணுக்கோ, விதவைக்கோ, கல்யாணமாகாத வாலிபனுக்கோ மறுத்தால் அந்தச் சட்டம் வாய் திறக்காது.

2005-ல் உச்ச நீதிமன்றம் ஆமதாபாத்தில் இருந்த ஒரு பார்சி வீட்டு வசதிச் சங்கத்தின் வழக்கில், பார்சிகளைத் தவிர மற்றவரை அங்கத்தினராகச் சேர்ப்பதில்லை என்ற சங்கத்தின் விதி செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. சங்கம் தனியார் சங்கமாம், ஆகவே சமத்துவப் பிரிவு அதைக் கட்டுப்படுத்தாதாம். இதைப் படிக்கும்போது நமக்கு வேறொரு சம்பவம் ஞாபகம் வருகிறது. 1917-ல், அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய டாக்டர் அம்பேத்கர் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்க்கப் போனார். இந்து விடுதி எதுவும் சேர்க்காது என்று தெரிந்து, ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராவது நாள் காலையில் டஜன் பேர் தடியோடு வந்து, நீ யார் என்று கேட்டு, மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். சிநேகிதர்கள் இருவரிடம் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். கற்ற கல்வியும் வகித்த பதவியும் ஒரு அறையை வாங்கித் தரவில்லை. பின்னாளில் அரசியல் சட்டத்தை வரைந்த குழுவிற்குத் தலைவரானவருடைய கதை இது.

நம் சர்க்கார் 2017-ல் வீட்டுக்காரர், குடியிருப்போர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் செய்து, 2019 பிப்ரவரியில் அமுலுக்குக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதெல்லாம் நல்ல ஏற்பாடுகள். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்கி, காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். மூன்று மாதத்திற்கு மேல் கூடாது என்று சட்டம் ஒரு கையால் எழுதி, 'வேறு ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று மறுகையால் அழித்தும் வைத்திருக்கிறது. அது போகட்டும். அந்தச் சட்டத்தில், ஜாதி மத உணவு காரணமாக யாருக்கும் வீடு மறுக்கலாகாது என்ற ஒரு வரியைத் தேடித் தேடிப் பார்த்தும் காணோம். உள்ளே போய்விட்டவனுக்கு உரிமை. வாசலில் நிற்பவனுக்கு ஒன்றுமில்லை.

இந்த மதில்களுக்குள்ளே பகுத்தறிவு எந்த அளவில் இருக்கிறது என்பதையும் பார்ப்போம். ஆடி மாதத்திலும் மார்கழி மாதத்திலும் குடி போகக் கூடாதாம். அதனால் வீட்டை ஒரு மாதம் பூட்டி வைத்து ஐம்பதாயிரம் ரூபாய் வாடகையைத் தோற்கிறவர், அதே மாதம் வங்கிக் கடனுக்கு ஆடித் தள்ளுபடி கேட்பதில்லை! கட்டுகிறவர்களோ எல்லா வீடும் வாஸ்துப்படி என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரே மாடியில் எதிரும் புதிருமாக நாலு வீடு. ஒன்றின் வாசல் கிழக்கு, ஒன்றின் வாசல் மேற்கு. ஒருவருடைய பூஜை அறைச் சுவருக்கு மறுபுறம் அடுத்தவருடைய கக்கூசு. நாலுக்கும் வாஸ்து பொருந்துகிறதென்றால் வாஸ்து என்பது எதற்கும் பொருந்தும் ரப்பர் என்றுதானே அர்த்தம்? சில கட்டடங்களில் 13-ஆவது மாடிக்கு 12-ஏ என்று பெயர். நம் ஊர் மூடநம்பிக்கை போதாதென்று கப்பலேற்றி வந்ததையும் வாடகைக்குக் குடிவைத்திருக்கிறார்கள். அதற்கு மட்டும் குலதெய்வம் கேட்கவில்லை.

வேலைக்கு வருகிறவர்கள் கதை வேறு. சென்னையின் நடுவில், ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் இருந்த குடிசைவாசிகளைக் கொண்டுபோய், கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்குத் தெற்கே அடுக்கு வீடுகளில் குடியேற்றினார்கள். அங்கிருந்து பெண்கள் விடியற்காலையில் புறப்பட்டுப் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள பெரிய குடியிருப்புகளில் பாத்திரம் துலக்கவும் பிள்ளை தூக்கவும் போகிறார்கள். வாசலில் பெயர் பதிய வேண்டும். போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். பல இடங்களில் அவர்களுக்கென்று தனி லிப்டு. சாமான் ஏறும் லிப்டில் அவர்களும் ஏற வேண்டும். அவர்கள் கை பட்ட பாத்திரத்தில் சாப்பிடலாம், அவர்கள் தூக்கிய குழந்தையைக் கொஞ்சலாம், ஆனால் முப்பது விநாடி ஒரே பெட்டியில் நிற்கக் கூடாது! ஊரும் சேரியுமாகக் கிராமத்தில் பிரித்து வைத்தவன் மண்ணில் பிரித்தான். இவர்கள் மின்சாரத்தில் பிரிக்கிறார்கள். கிராமத்து ஜாதிக் கொடுமையிலிருந்து தப்பப் பட்டணம் போ என்று நாம் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லி வருகிறோம். போனவனுக்குப் பட்டணம் வைத்திருக்கும் உபசாரம் இது.

பெரம்பலூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கும் கடிதத்தின் விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சோழிங்கநல்லூர்ப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஏழு வீடு பார்த்து, ஏழும் கைநழுவி, எட்டாவது வீட்டில் "நாங்கள் சைவம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, ஊதுவத்தி கொளுத்தி வைத்துச் சமைக்கிறார்களாம். முட்டை ஓட்டைக் காகிதத்தில் சுற்றி அடுத்த தெருக் குப்பைத் தொட்டியில் போட்டு வருகிறாராம். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளிடம், கீழே விளையாடும்போது யாராவது கேட்டால் சாம்பார் சாதம் சாப்பிட்டேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்களாம். இது சுயமரியாதைக்கு விரோதமா என்று கேட்கிறார்.

அவரை நாம் கண்டிக்க மாட்டோம். மழைக்காலத்தில் பெண்டு பிள்ளையோடு நடுத்தெருவில் நிற்கிறவனுக்கு உபதேசம் செய்வது சுலபம். கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டவன் மேல்தான் முதல் குற்றம். ஆனால் அந்தக் குழந்தை விஷயம் நம்மை உறுத்துகிறது. தன் தாய் சமைத்ததை மறைக்க வேண்டிய சமாச்சாரம் என்று எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை படித்துக்கொண்டால், பின்னால் அது தன் ஊரையும், தெருவையும், பாட்டனையும் மறைக்கக் கற்றுக்கொள்ளும். ஆகவே, மாற்று இடமும் கையில் கொஞ்சம் காசும் உள்ள தோழர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே மறுக்க வேண்டும். "வாடகைக்கு வந்தேன், சம்பந்தம் பேச வரவில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வர வேண்டும். வசதியில்லாதவர்கள் எப்படியாவது வீடு பிடித்துக்கொள்ளட்டும்; குழந்தையை மட்டும் அதில் கூட்டுச் சேர்க்க வேண்டாம்.

இனி நம்மவர்களிடம் வருவோம். இவ்வளவும் பார்ப்பனர் மேல் சொன்னதாக எண்ணிக்கொண்டு யாரும் சந்தோஷப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் பார்ப்பனரல்லாதாரே. தாங்கள் ஆட்டுக்கறி தின்றுகொண்டே ஆதிதிராவிடருக்கு வீடில்லை என்கிறவர்கள் அவர்கள். மதுரையிலும் திருநெல்வேலியிலும் கோயமுத்தூரிலும் "நம்ம ஆட்களுக்கு மட்டும்" என்று சொல்லுகிறவர்களுக்கு மீன் வாசனைச் சாக்கும் கிடையாது. கூடத்தில் பெரியார் படத்தை மாட்டிக்கொண்டு, புரோக்கரிடம் காதோடு காதாக "அந்த ஆட்களைக் கூட்டி வராதே" என்கிற கனவான்களையும் நாம் அறிவோம். மேலே இருக்கிறவன் உதைத்தால் வலிக்கிறது, கீழே இருக்கிறவனை உதைத்தால் இனிக்கிறது என்பவருக்குச் சுயமரியாதை என்ற சொல்லை வாயில் வைக்க யோக்கியதை ஏது?

செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. 1990-களின் கடைசியில் கலைஞர் ஆட்சியில் சமத்துவபுரங்கள் கட்டினார்கள். ஒரு ஊருக்கு 100 வீடு. ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. அடுத்தடுத்த வீட்டில் கலந்து குடிவைத்தார்கள். அவற்றிலும் குறைகள் உண்டு. ஆனால் கூரை இடிந்து விழவில்லை, சாமி கோபித்துக்கொள்ளவில்லை. கிராமத்தில் சர்க்கார் செலவில் செய்ததைப் பட்டணத்தில் ஒரு சட்டத் திருத்தத்தால் செய்யலாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஜாதி, மதம், உணவு, கல்யாணம் ஆனது ஆகாதது பார்த்து வீடு மறுப்பதும், அப்படி விளம்பரம் செய்வதும், அந்த விளம்பரத்தை வெளியிடுவதும் குற்றம் என்று சேர்க்கட்டும். குடியிருப்போர் சங்கங்கள் இந்த வகையில் செய்யும் தீர்மானம் எதுவும் செல்லாது என்றும் சேர்க்கட்டும். வாடகை அதிகாரி இப்போதே இருக்கிறார். மறுக்கப்பட்டவரின் மனுவையும் அவரே விசாரிக்கட்டும்.

சட்டசபை அங்கத்தினர்களிடம் கொடுக்க ஒரு மனு தயாராகிறது. அதற்கு வெறும் வாய்ப்பேச்சு போதாது. வீடு மறுக்கப்பட்ட தோழர்கள் நடந்த தேதி, ஊர், வட்டாரம், கேட்ட வாடகை, கேட்ட கேள்விகள், சொன்ன காரணம், பிறகு அந்த வீடு எத்தனை நாள் காலியாய்க் கிடந்தது ஆகியவற்றை எழுதி, 'சைவர்களுக்கு மட்டும்' விளம்பரம் கண்டிருந்தால் அதன் படத்தையும் சேர்த்து, நம் காரியாலயத்திற்கு அனுப்ப வேண்டுகிறோம். அனுப்புகிறவர் பெயரை வெளியிட மாட்டோம். சொந்த வீட்டை வாடகைக்கு விடும் இயக்கத் தோழர்களும், இப்போது தங்கள் வீட்டில் குடியிருப்பவர் யார், கடைசியாகத் திருப்பி அனுப்பியது யாரை என்று கூடவே எழுதினால் நலம்.